போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் ஆட்டோவாக்யூம் எப்படி வேலை செய்கிறது?

போஸ்ட்கிரெஸ்கியூஎல் தரவுத்தளத்தில் ஒரு கோடி வரிசைகள் கொண்ட அட்டவணையிலிருந்து தொண்ணூறு லட்சம் வரிசைகளை நீக்கிவிட்டு, அந்தக் கணமே டிஸ்க்கில் அந்த அட்டவணைக்குரிய கோப்பின் அளவைப் பார்த்தால், அது ஒரு பைட்கூடக் குறைந்திருக்காது. எதையும் நீக்காமல், எல்லா வரிசைகளிலும் ஒரே ஒரு நெடுவரிசையின் மதிப்பை மட்டும் மாற்றினாலோ கோப்பு ஏறத்தாழ இரு மடங்காக வளர்ந்து நிற்கும். புதிதாக இந்தத் தரவுத்தளத்திற்கு வருபவர்கள் இதைப் பிழை என்றே நினைப்பார்கள். இது பிழையன்று. போஸ்ட்கிரெஸ் எழுதும் முறையே அப்படித்தான் அமைந்திருக்கிறது. அந்த முறை விட்டுச்செல்லும் மிச்சங்களை, யாரும் கேட்காமலேயே பின்னணியில் அள்ளிச் சுத்தம் செய்யும் பகுதிக்குத்தான் ஆட்டோவாக்யூம் என்று பெயர்.

ஆட்டோவாக்யூம் சர்வரின் வேகத்தைத் தின்கிறது என்ற புகார் பரவலாக உண்டு. அதைக் கேட்டு, சிலர் அதை அணைத்தும் வைக்கிறார்கள். என்னுடைய கருத்தில், ஆட்டோவாக்யூமால் வரும் தொல்லைகளில் பெரும்பாலானவை அது அதிகமாக ஓடுவதால் வருபவையல்ல. போதிய அளவு ஓடாததாலோ, ஓடியும் பயனில்லாதபடி வேறொன்று அதைத் தடுத்து வைத்திருப்பதாலோ வருபவை. அதைப் புரிந்துகொள்ள, முதலில் ஒரே ஒரு வரிசைக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும்.

பழைய பிரதி ஏன் தங்கிவிடுகிறது

போஸ்ட்கிரெஸ் ஒவ்வோர் அட்டவணையையும் 8 கிலோபைட் அளவுள்ள பக்கங்களாகப் பிரித்துச் சேமிக்கிறது. பக்கத்தில் உள்ள ஒவ்வொரு வரிசைக்கும் முன்னால் 23 பைட் நீளமுள்ள ஒரு தலைப்பகுதி இருக்கும். அதில் நமக்கு முக்கியமானவை இரண்டு எண்கள். எக்ஸ்மின் என்பது அந்த வரிசையை உருவாக்கிய பரிவர்த்தனையின், அதாவது ஒன்றாகவே நிறைவேறும் அல்லது ஒன்றாகவே ரத்தாகும் கட்டளைத் தொகுப்பின், எண். எக்ஸ்மேக்ஸ் என்பது அதை நீக்கிய அல்லது மாற்றிய பரிவர்த்தனையின் எண்.

ஒரு கணக்கின் இருப்பு 500 ரூபாய் என்று சொல்லும் வரிசையை 1000ஆம் எண் பரிவர்த்தனை எழுதியது என்று வைத்துக்கொள்வோம். பிறகு 1007ஆம் எண் பரிவர்த்தனை அந்த இருப்பை 700 ஆக மாற்றுகிறது. போஸ்ட்கிரெஸ் பழைய 500ஐ அழித்து அதன் மேல் 700ஐ எழுதுவதில்லை. பழைய வரிசையின் எக்ஸ்மேக்ஸ் இடத்தில் 1007 என்று குறித்துவிட்டு, எக்ஸ்மின் 1007 கொண்ட புதிய பிரதி ஒன்றை வேறோர் இடத்தில் எழுதிவிடுகிறது. இப்போது கோப்பில் இரண்டு பிரதிகள் உள்ளன. 1007 கமிட் ஆவதற்கு, அதாவது உறுதியாவதற்கு, முன்பே தொடங்கி இன்னமும் ஓடிக்கொண்டிருக்கும் அறிக்கை ஒன்று அந்தக் கணக்கைப் படிக்க வந்தால், அதற்கு 500 தெரியும். பிறகு தொடங்கியவற்றுக்கு 700 தெரியும். படிப்பவர் எழுதுபவருக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. எழுதுபவரும் படிப்பவருக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. பல பிரதிகளை வைத்து ஒரே நேரத்தில் பலரையும் அனுமதிக்கும் இந்த ஏற்பாட்டை எம்விசிசி என்பார்கள்.

நீக்குதலும் இதே கதைதான்: வரிசையின் எக்ஸ்மேக்ஸ் நிரப்பப்படும்; வரிசை அங்கேயே கிடக்கும். பரிவர்த்தனை பாதியில் ரோல்பேக் ஆனாலும், அதாவது ரத்தானாலும், அது எழுதிய வரிசைகள் யாருக்கும் தெரியாத பிரதிகளாக அங்கேயே தங்கும். ஆரக்கிளும் மைசீக்வலின் இன்னோடிபி எஞ்சினும் பழைய மதிப்புகளை அன்டூ என்னும் தனிப் பகுதியில் ஒதுக்கி வைக்கின்றன. அங்கும் பின்னணியில் துப்புரவு உண்டு. போஸ்ட்கிரெஸ் பழையதையும் புதியதையும் ஒரே கோப்பில் வைக்கிறது என்பதுதான் வேறுபாடு. இதனால் கிடைக்கும் ஆதாயம் சிறியதன்று: எவ்வளவு பெரிய பரிவர்த்தனையையும் நொடியில் ரோல்பேக் செய்யலாம், ஏனென்றால் திரும்ப எழுத வேண்டியது எதுவுமில்லை. அதற்கு ஈடாகச் செலுத்தும் விலைதான் துப்புரவு.

இந்த அமைப்பு, 1986இல் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் தொடங்கிய போஸ்ட்கிரெஸ் ஆய்வுத் திட்டத்தின் எச்சம். பழைய பிரதிகளை அழிக்காமல் வைத்திருந்தால், சென்ற மாதம் இந்த அட்டவணை எப்படி இருந்தது என்றுகூடக் கேட்க முடியும் என்பது அன்றைய எண்ணம். அந்த வசதி 1997இல் கைவிடப்பட்டது. மேலெழுதாத பழக்கம் மட்டும் நின்றுவிட்டது. துப்புரவு நெடுங்காலம் மனிதர் கையால் வாக்யூம் கட்டளையைக் கொடுத்தே நடந்தது. 2002இல் வந்த 7.2 பதிப்புக்கு முன்னால் அந்தக் கட்டளை ஓடி முடியும்வரை அட்டவணையே பூட்டிக் கிடக்கும். 2003இல் 7.4 பதிப்போடு தானியங்கி வாக்யூம் ஒரு தனி நிரலாக வந்து, 2005இல் 8.1 பதிப்பில் சர்வருக்குள்ளேயே சேர்ந்து, 2008இல் 8.3 பதிப்பிலிருந்து இயல்பாகவே இயங்கும் நிலைக்கு வந்தது.

வாக்யூம் ஓர் அட்டவணைக்குள் செய்வது

ஒரு பழைய பிரதியை எப்போது தூக்கி எறியலாம்? இப்போது திறந்திருக்கும் எந்தப் பரிவர்த்தனைக்கும் அது இனித் தேவைப்படாது என்று உறுதியானால் எறியலாம். மேற்சொன்ன 500 ரூபாய்ப் பிரதியை, 1007 கமிட் ஆவதற்கு முன் தொடங்கிய கடைசிப் பரிவர்த்தனையும் முடிந்த பிறகே தொடலாம். அப்படிப்பட்ட பிரதியை டெட் டப்பிள் என்பார்கள். நாம் செத்த பிரதி என்று சொல்லிக்கொள்வோம்.

வாக்யூம் முதலில் அட்டவணையின் பக்கங்களை வரிசையாகப் படித்து, செத்த பிரதிகளின் முகவரிகளை நினைவகத்தில் சேகரிக்கிறது. முகவரி என்பது எந்தப் பக்கம், அந்தப் பக்கத்தில் எத்தனையாவது இடம் என்ற இரண்டும் சேர்ந்தது. அடுத்து, அந்த அட்டவணையின் மீதுள்ள ஒவ்வோர் இண்டெக்ஸையும், அதாவது தேடலுக்கு உதவும் சுட்டுப் பட்டியலையும், முழுக்கப் படித்து, சேகரித்த முகவரிகளைச் சுட்டும் பதிவுகளை நீக்குகிறது. அதன் பின்னரே மறுபடியும் அட்டவணைக்குத் திரும்பி, அந்த இடங்களைக் காலி என்று குறிக்கிறது. இந்த ஒழுங்கை மாற்ற முடியாது. இண்டெக்ஸில் பழைய சுட்டி இருக்கும்போதே அட்டவணையில் அந்த இடத்தைக் காலியாக்கி, வேறொரு வாடிக்கையாளரின் வரிசை அங்கே வந்து அமர்ந்தால், இண்டெக்ஸ் வழியாகத் தேடுபவருக்கு ஒருவரைக் கேட்டால் இன்னொருவர் கிடைப்பார்.

முகவரிகளைச் சேகரிக்கும் நினைவகத்துக்கு இயல்பான அளவு 64 மெகாபைட். 16ஆம் பதிப்புவரை ஒவ்வொரு முகவரிக்கும் 6 பைட் செலவானதால், ஏறத்தாழ ஒரு கோடியே பதினொரு லட்சம் முகவரிகளோடு அது நிரம்பிவிடும். நிரம்பினால் வாக்யூம் இடையில் நின்று, எல்லா இண்டெக்ஸ்களையும் ஒரு முறை முழுக்கச் சுற்றிவந்து, நினைவகத்தைக் காலி செய்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும். பெரிய அட்டவணையில் எட்டு இண்டெக்ஸ்கள் இருந்தால் இந்த இரண்டாம் சுற்றின் செலவை எண்ணிப் பாருங்கள். 2024இல் வந்த 17ஆம் பதிப்பில் முகவரிகளைச் சுருக்கமாகச் சேமிக்கும் புதிய அமைப்பு வந்ததால், இந்தத் தொல்லை பெருமளவு தீர்ந்தது.

விடுவிக்கப்பட்ட இடம் பொதுவாக இயங்குதளத்திற்குத் திரும்பிப் போவதில்லை. அந்த அட்டவணைக்கே அடுத்து வரும் வரிசைகள் அங்கே அமரும். எந்தப் பக்கத்தில் எவ்வளவு இடம் உண்டு என்பது ஒரு தனிக் கோப்பில் பதிவாகும். கோப்பின் கடைசியில் தொடர்ச்சியாகச் சில பக்கங்கள் முற்றிலும் காலியாக இருந்தால் மட்டுமே, வாக்யூம் அவற்றை வெட்டி டிஸ்க்குக்குத் திருப்பித் தரும். கோப்பை உண்மையிலேயே சுருக்க வேண்டுமென்றால் வாக்யூம் ஃபுல் என்ற வேறு கட்டளை உண்டு. அது அட்டவணை முழுவதையும் புதிதாக எழுதும், முடியும்வரை யாரையும் படிக்கக்கூட விடாது. ஆட்டோவாக்யூம் ஒருபோதும் தானாக அதைச் செய்யாது, செய்யவும் கூடாது.

படித்து முடித்த பக்கங்களைப் பற்றி வாக்யூம் இன்னொரு குறிப்பும் எழுதி வைக்கிறது. ஒரு பக்கத்தில் உள்ள எல்லா வரிசைகளும் எல்லாப் பரிவர்த்தனைகளுக்கும் தெரியக்கூடியவை என்றால், விசிபிலிட்டி மேப் என்னும் சிறு வரைபடத்தில் அந்தப் பக்கத்துக்கு ஒரு பிட் போடப்படும். அடுத்த முறை வரும் வாக்யூம் அந்தப் பக்கத்தைத் தாண்டிச் செல்லும். வினவல்களுக்கும் இதனால் நேரடியான பயன் உண்டு: தேவையான மதிப்புகள் எல்லாம் இண்டெக்ஸிலேயே இருந்தால், அந்தப் பிட்டைப் பார்த்து, அட்டவணைப் பக்கத்தைத் திறக்காமலேயே விடை சொல்ல முடியும். அடிக்கடி வாக்யூம் ஆகும் அட்டவணையில் வினவல்கள் வேகமாக ஓடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

எல்லாச் சுமையும் வாக்யூமின் தலையில் விழுவதுமில்லை. ஓர் அப்டேட் எந்த இண்டெக்ஸிலும் உள்ள நெடுவரிசையைத் தொடவில்லை, அதே பக்கத்தில் இடமும் இருக்கிறது என்றால், புதிய பிரதி அந்தப் பக்கத்திலேயே எழுதப்படும். இண்டெக்ஸில் புதுப்பதிவு எதுவும் வேண்டாம். ஹாட் எனப்படும் இவ்வகை அப்டேட்டின் மிச்சங்களை, அந்தப் பக்கத்தைப் பிறகு படிக்க வரும் சாதாரண வினவலே சுத்தம் செய்துவிட்டுப் போகும்.

எப்போது விழித்துக்கொள்கிறது

ஆட்டோவாக்யூம் என்பது ஒற்றைப் புராசஸ் அன்று. லாஞ்சர் என்ற ஒன்று எப்போதும் விழித்திருந்து, இயல்பாக நிமிடத்திற்கு ஒரு முறை ஒவ்வொரு தரவுத்தளத்துக்கும் ஒரு வொர்க்கரை அனுப்பப் பார்க்கும். வொர்க்கர் தனக்குக் கொடுக்கப்பட்ட தரவுத்தளத்தில் நுழைந்து, எந்தெந்த அட்டவணைகளுக்கு வேலை இருக்கிறது என்று பட்டியலிட்டு, ஒன்றன்பின் ஒன்றாக முடித்துவிட்டு வெளியேறும். ஒரே நேரத்தில் மொத்தம் மூன்று வொர்க்கர்கள் மட்டுமே இயங்கலாம் என்பது இயல்பான வரம்பு. மூன்றும் மூன்று பெரும் அட்டவணைகளில் மணிக்கணக்கில் சிக்கிக்கொண்டால், நிமிடத்திற்கு ஆயிரம் முறை மாறும் ஒரு சிறிய அட்டவணை யாரும் வராமல் வீங்கிக்கொண்டே போகும்.

வேலை இருக்கிறதா என்பதை முடிவு செய்யும் கணக்கு எளியது. அட்டவணையின் வரிசை எண்ணிக்கையில் ஐந்தில் ஒரு பங்கோடு ஐம்பதைக் கூட்ட வேண்டும். கடந்த வாக்யூமுக்குப் பிறகு சேர்ந்த செத்த பிரதிகள் அந்தத் தொகையைத் தாண்டினால் வாக்யூம் ஓடும். ஆயிரம் வரிசைகள் உள்ள அட்டவணைக்கு இது 250, பொருத்தமான எண்தான். பத்துக் கோடி வரிசைகள் உள்ள அட்டவணைக்கோ இது இரண்டு கோடியே ஐம்பது. இரண்டு கோடிப் பிரதிகள் செத்துக் கிடக்கும்வரை யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். வந்த பிறகோ வேலை நீண்டுகொண்டே போகும், டிஸ்க் திணறும், நிர்வாகி சர்வரின் பதிவேடான லாகைப் பார்த்து ஆட்டோவாக்யூமின் மேல் பழிபோடுவார். 64 மெகாபைட் நினைவகத்தில் ஒரு கோடியே பதினொரு லட்சம் முகவரிகள்தாம் அடங்கும் என்பதையும் இதனோடு சேர்த்துப் பார்த்தால், பழைய பதிப்புகளில் இண்டெக்ஸ்களை இரண்டு முறை சுற்ற வேண்டியிருக்கும் என்பது விளங்கும்.

பெரிய அட்டவணைகளுக்கு இந்த ஐந்தில் ஒரு பங்கு பொருந்தாது என்றே நான் சொல்வேன். ஆல்டர் டேபிள் கட்டளையால் அந்த ஓர் அட்டவணைக்கு மட்டும், இந்தப் பங்கைக் குறிக்கும் ஸ்கேல் ஃபேக்டரை 0.2 இலிருந்து 0.01 ஆகக் குறைத்தால், பத்து லட்சம் பிரதிகள் சேர்ந்ததும் வாக்யூம் வரும். ஒவ்வொரு முறையும் சிறிய வேலையாக முடியும். 2025இல் வந்த 18ஆம் பதிப்பு இந்தத் தொகைக்குப் பத்துக் கோடி என்ற உச்சவரம்பை வைத்திருக்கிறது. ஆனால் கணக்கைப் போட்டுப் பார்த்தால், ஐம்பது கோடி வரிசைகளைத் தாண்டிய அட்டவணைகளுக்கு மட்டுமே அது பயன்படும் என்பது தெரியும். அதற்குக் கீழே உள்ளவற்றை நாம்தான் கவனிக்க வேண்டும்.

வரிசைகளைச் சேர்ப்பது மட்டுமே நடக்கும் அட்டவணைகளில் செத்த பிரதிகளே இருக்காது என்பதால், முன்பெல்லாம் அவற்றைப் பல நாள்கள் வாக்யூம் தொடாமலே விட்டிருந்தது. 2020இல் வந்த 13ஆம் பதிப்பிலிருந்து, சேர்க்கப்பட்ட வரிசைகளின் எண்ணிக்கையும் வாக்யூமைக் கிளப்பும்.

இந்த எண்ணிக்கைகள் எல்லாம் சர்வர் தனக்குள் வைத்திருக்கும் புள்ளிவிவரத்திலிருந்து வருபவை. சர்வர் முறையாக நிறுத்தப்பட்டால் அவை கோப்பில் எழுதப்படும். திடீரென விழுந்து எழுந்தால் அவை தொலைந்துவிடும். விழுந்து எழுந்த சர்வரில் செத்த பிரதிகளின் கணக்கு மீண்டும் பூஜ்யத்திலிருந்து தொடங்குவதால், வீங்கிய அட்டவணையும் சுத்தமானது போலவே காட்சியளிக்கும். அப்படிப்பட்ட நாளில் முக்கியமான அட்டவணைகளுக்குக் கையாலேயே ஒரு முறை, துப்புரவோடு புள்ளிவிவரத்தையும் எடுக்கும் வாக்யூம் அனலைஸ் கட்டளையைக் கொடுத்துவிடுவது நல்லது.

மெதுவாக ஓடும்படி கட்டிய கட்டு

ஆட்டோவாக்யூம் வேண்டுமென்றே நிதானமாக ஓடும்படி செய்யப்பட்டிருக்கிறது. நினைவகத்திலேயே கிடைத்த பக்கத்தைப் படித்தால் 1 புள்ளி, டிஸ்க்கிலிருந்து கொண்டுவந்து படித்தால் 2 புள்ளிகள், சுத்தமாக இருந்த பக்கத்தை மாற்றி எழுத வேண்டியதாக்கினால் 20 புள்ளிகள் என்று கணக்கு ஏறும். 200 புள்ளிகள் சேர்ந்ததும் வொர்க்கர் 2 மில்லி விநாடி தூங்கும். தூங்கும் நேரத்தை மட்டும் வைத்துக் கணக்கிட்டால், விநாடிக்கு அதிகபட்சம் 5,000 பக்கங்களை, அதாவது ஏறத்தாழ 40 மெகாபைட்டை மாற்றலாம். 11ஆம் பதிப்புவரை தூக்கம் 20 மில்லி விநாடியாக இருந்தது. அப்போதைய உச்சவேகம் விநாடிக்கு வெறும் 4 மெகாபைட். இணையத்தில் கிடைக்கும் பழைய அறிவுரைகள் பலவும் அந்தக் காலத்தவை என்பதால், எந்தப் பதிப்பைப் பற்றிப் பேசுகின்றன என்று பார்த்துக்கொண்டே படிக்க வேண்டும்.

இதில் பலரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. 200 புள்ளிகள் என்பது ஒவ்வொரு வொர்க்கருக்கும் தனித்தனியே கிடைப்பதன்று. அப்போது ஓடும் எல்லா வொர்க்கர்களும் அதைப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். வேலை தேங்குகிறதே என்று வொர்க்கர்களை மூன்றிலிருந்து பத்தாக உயர்த்தினால், மொத்த வேகம் கூடாது; ஒவ்வொன்றும் முன்பைவிட மெதுவாக ஊரும். வொர்க்கரைக் கூட்டுபவர்கள் புள்ளி வரம்பையும் சேர்த்தே கூட்ட வேண்டும். டிஸ்க் வேகமானதாக இருந்தால் 200ஐ ஆயிரம், இரண்டாயிரம் என்று உயர்த்தத் தயங்க வேண்டியதில்லை.

பணிவும் அதன் இயல்பிலேயே உண்டு. அது பிடிக்கும் பூட்டு, படிப்பதையும் எழுதுவதையும் தடுக்காது. அட்டவணையின் வடிவத்தை மாற்றும் ஆல்டர் டேபிள் போன்ற கட்டளைகளோடு மட்டுமே மோதும். அப்படி ஒரு கட்டளை வந்து ஒரு விநாடி காத்திருந்தால், வொர்க்கர் தன் வேலையை அப்படியே கைவிட்டு வழிவிடும். நல்ல குணம்தான். ஆனால் பத்து நிமிடத்திற்கு ஒரு முறை அத்தகைய கட்டளையை அனுப்பும் ஏதோவொரு ஸ்கிரிப்ட் இருந்தால், பெரிய அட்டவணையின் வாக்யூம் ஒரு நாளும் முடியாது.

ஓடியும் பயனில்லாத நிலை

வாக்யூம் அடிக்கடி ஓடுகிறது, லாகில் வெற்றியும் காட்டுகிறது, ஆனாலும் அட்டவணை வீங்குகிறது என்றால், பெரும்பாலும் காரணம் வேறெங்கோ இருக்கும். தரவுத்தளத்தில் திறந்திருக்கும் மிகப் பழைய பரிவர்த்தனை எங்கே நிற்கிறதோ அதுதான் துப்புரவின் எல்லைக்கோடு. அதற்குப் பின் செத்த எந்தப் பிரதியையும் வாக்யூம் தொட முடியாது. காலையில் பிகின் என்று தட்டி, ஒரு வரிசையை மாற்றிவிட்டு, கமிட் கொடுக்காமல் மதியச் சாப்பாட்டுக்குப் போன ஒருவரின் இணைப்பு, தான் தொடவே தொடாத அட்டவணைகளின் துப்புரவையும் தடுத்து நிறுத்தக்கூடும். வாக்யூம் லாகில், செத்தும் இன்னும் நீக்க முடியாதவை என்ற எண்ணிக்கை ஒன்று வரும். அது தொடர்ந்து பெரிதாகவே இருந்தால், ஆட்டோவாக்யூமின் அமைப்புகளைத் திருகிக்கொண்டிருப்பதில் பயனில்லை. எல்லைக்கோட்டைப் பிடித்து நிற்பது யார் என்று தேட வேண்டும்.

தேட வேண்டிய இடங்கள் அதிகமில்லை. இப்போதுள்ள இணைப்புகளைக் காட்டும் பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டியில் பல மணி நேரமாகத் திறந்து கிடக்கும் பரிவர்த்தனைகளை முதலில் பார்க்கலாம். அடுத்து, நகல் சர்வர் இல்லாமல் போன பிறகும் நீக்கப்படாமல் விட்டுவைத்த ரெப்ளிகேஷன் ஸ்லாட், அதாவது அந்த நகல் எதுவரை பெற்றுக்கொண்டது என்ற குறிப்பு. பிறகு, தன் வினவல்களுக்கு இன்னும் தேவையானதை முதன்மை சர்வருக்குச் சொல்லும் ஹாட் ஸ்டான்ட்பை ஃபீட்பேக் இயக்கப்பட்ட நகல் சர்வரில் ஓடும் நீண்ட அறிக்கை. கடைசியாக, முதல் கட்டமான பிரிப்பேரை மட்டும் செய்துவிட்டு முடிக்காமல் மறந்துபோன இருகட்டப் பரிவர்த்தனை. அரிதானது என்பதாலேயே இதைக் கண்டுபிடிக்க அதிக நேரமாகும். சும்மா திறந்து கிடக்கும் பரிவர்த்தனைகளைக் குறித்த நேரத்திற்குப் பின் துண்டிக்கும் அமைப்பு 9.6 பதிப்பிலிருந்தே இருக்கிறது. இயல்பாக அது அணைந்தே இருக்கும்.

எண் தீர்ந்துபோகாமல் காப்பது

பரிவர்த்தனை எண் 32 பிட் நீளமுள்ளது. அதாவது ஏறத்தாழ 429 கோடி எண்கள்தாம் உண்டு. கடிகார முகத்தைப் போல அவை வட்டமாகச் சுற்றுகின்றன: எந்த எண்ணில் நின்றாலும், பின்னால் உள்ள பாதி வட்டம் கடந்த காலம், முன்னால் உள்ள பாதி வட்டம் எதிர்காலம். ஆகவே ஒரு வரிசையின் எக்ஸ்மின் 214 கோடிப் பரிவர்த்தனைகளுக்கு மேல் பழையதாகிவிட்டால், அது திடீரென்று எதிர்காலத்தில் எழுதப்பட்டது போலத் தோன்றி, கண்ணுக்குத் தெரியாமல் மறைந்துவிடும். தரவு டிஸ்க்கில் பத்திரமாக இருந்தும் தொலைந்த கதையாகும்.

இதைத் தடுக்க வாக்யூம் பழைய வரிசைகளை ஃப்ரீஸ் செய்கிறது. இந்த வரிசையின் எக்ஸ்மினை இனி யாரும் ஒப்பிட வேண்டாம், இது எல்லாருக்கும் கடந்த காலமே என்று தலைப்பகுதியில் ஒரு குறி இடுவதுதான் ஃப்ரீஸ். ஓர் அட்டவணையின் ஃப்ரீஸ் ஆகாத மிகப் பழைய எண்ணின் வயது 20 கோடியைத் தாண்டினால், ஆட்டோவாக்யூமை அணைத்து வைத்திருந்தாலும்கூட, சர்வர் அதைக் கட்டாயமாகக் கிளப்பும். புராசஸ் பட்டியலில் ராப்அரவுண்டை, அதாவது எண்கள் இப்படிச் சுற்றி வந்து முட்டுவதை, தடுப்பதற்காக என்ற குறிப்போடு ஒரு வொர்க்கரைப் பார்த்துப் பலர் பதறிவிடுகிறார்கள். 20 கோடி எங்கே, 214 கோடி எங்கே. அது வழக்கமான பராமரிப்புதான், கொன்றுவிடாதீர்கள்.

ஆனால் இந்தக் கட்டாய வாக்யூம் முன்சொன்னது போல வழிவிடாது. அது ஓடும்போது ஒரு ஆல்டர் கட்டளை வந்தால், அந்தக் கட்டளை வரிசையில் நிற்கும். அதற்குப் பின்னால் வரும் சாதாரண வினவல்களும் அதன் முதுகுக்குப் பின்னே நிற்கும். 2015 ஜூலையில் ஜாயன்ட் நிறுவனத்தின் மான்டா சேமிப்புச் சேவை தடைப்பட்டது இப்படித்தான்: கட்டாய வாக்யூமுக்குப் பின்னால் ஒரு டிரிகரை நீக்கும் கட்டளை காத்திருக்க, அதன் பின்னால் மற்ற எல்லாம் காத்திருந்தன.

வயது 160 கோடியை எட்டினால், 14ஆம் பதிப்பிலிருந்து வாக்யூம் தன் நிதானத்தைக் கைவிட்டு, தூக்கமும் இல்லாமல், இண்டெக்ஸ்களையும் தொடாமல், ஃப்ரீஸ் செய்வதிலேயே குறியாக ஓடும். அதற்கும் மேலே போய், இன்னும் முப்பது லட்சம் எண்கள் மட்டுமே எஞ்சியிருக்கும் நிலை வந்தால், சர்வர் புதிய எண் கொடுப்பதை நிறுத்திவிடும்; படிக்கலாம், எழுத முடியாது. 2015இல் சென்ட்ரி நிறுவனத்துக்கும் 2019 பிப்ரவரியில் மெயில்சிம்பின் மான்ட்ரில் சேவைக்கும் வந்த பெரும் முடக்கங்களுக்குப் பின்னால் இருந்தது இந்த ராப்அரவுண்ட்தான். அந்த நிலையில் சர்வரை ஒற்றைப் பயனர் முறையில் திறக்க வேண்டும் என்ற பழைய அறிவுரை இன்றைய பதிப்புகளுக்குத் தேவையற்றது: எல்லைக்கோட்டைப் பிடித்திருப்பதை விடுவித்துவிட்டு, வழக்கம்போல வாக்யூம் கொடுத்தாலே போதும்.

புள்ளிவிவரம் எடுக்கும் வேலை

வொர்க்கர்களுக்கு இன்னொரு கடமையும் உண்டு, அதுதான் அனலைஸ். ஒரு வினவலை இண்டெக்ஸ் வழியாக நிறைவேற்றுவதா, அட்டவணை முழுவதையும் படிப்பதா என்பதை முடிவு செய்யும் பிளானர், ஒவ்வொரு நெடுவரிசையிலும் எந்த மதிப்பு எவ்வளவு அடிக்கடி வருகிறது என்ற குறிப்பை நம்பியிருக்கிறது. அட்டவணை எவ்வளவு பெரிதாக இருந்தாலும், இயல்பாக 30,000 வரிசைகளை மாதிரியாக எடுத்து அந்தக் குறிப்பை எழுதுவது அனலைஸ். பத்தில் ஒரு பங்கோடு ஐம்பது வரிசைகள் மாறினால் அது ஓடும். ஐம்பது லட்சம் வரிசைகளை ஒரே மூச்சில் ஏற்றிவிட்டு அடுத்த விநாடியே அறிக்கையை ஓட்டினால், வொர்க்கர் இன்னும் வந்திருக்காது. பிளானர் பழைய குறிப்பை வைத்துத் தவறான வழியைத் தேர்ந்தெடுக்கும். ஏற்றும் ஸ்கிரிப்டின் கடைசி வரியாக அனலைஸைச் சேர்த்துவிட்டால் இந்தச் சிக்கல் வராது.

ஆட்டோவாக்யூமின் கை எட்டாத இடங்களும் இரண்டு உண்டு. தற்காலிக அட்டவணைகள் அவற்றை உருவாக்கிய இணைப்புக்கு மட்டுமே சொந்தமானவை என்பதால், எந்த வொர்க்கரும் அவற்றுக்குள் நுழைய முடியாது. அவற்றை நிரப்பியவரே அனலைஸ் கொடுக்க வேண்டும். பார்ட்டிஷன்களாகப் பிரிக்கப்பட்ட அட்டவணையில், உள்ளே இருக்கும் ஒவ்வொரு பார்ட்டிஷனையும் வொர்க்கர்கள் கவனித்துக்கொள்கிறார்கள், ஆனால் மேலே உள்ள தாய் அட்டவணைக்கென்று புள்ளிவிவரம் எடுப்பதில்லை. தாய் அட்டவணையை வேறொன்றோடு ஜாயின் செய்யும் வினவல்கள் காரணம் தெரியாமல் மெதுவாகின்றன என்றால், அட்டவணைவாரியான புள்ளிவிவரம் காட்டும் பிஜி_ஸ்டாட்_யூசர்_டேபிள்ஸில் அதன் கடைசி அனலைஸ் தேதியைப் பாருங்கள். காலியாக இருந்தால், வாரத்திற்கு ஒரு முறையாவது தாய் அட்டவணைக்கு அனலைஸ் கொடுக்கும் வரி ஒன்றை, குறித்த நேரத்தில் கட்டளைகளை ஓட்டும் கிரானில் சேர்த்துவிட வேண்டியதுதான்.